காரா, கப்பலா? தம்பதியாகத் தீவு நாடு சுற்ற இலங்கை, நியூசிலாந்து, ஐஸ்லாந்து: ஓர் ஒப்பீடு

தீவு நாட்டைக் காரிலும் சுற்றலாம், கப்பலிலும் சுற்றலாம். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்க நினைக்கும் தம்பதிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஏழு நாள் கார், ஏழு நாள் கப்பல் என்று லீவைப் பாதியாக வெட்டிவிடுகிறார்கள். கப்பல் நிற்கும் துறைமுகங்களில் பாதி ஏற்கெனவே காரில் போய்வந்த ஊராக இருக்கும். பார்க்க வேண்டிய மலையோ, கப்பலிலிருந்து இறங்கி மூன்று மணி நேரம் ஓட்டினால்தான் வரும்.

நாங்கள் வைத்துக்கொள்ளும் அளவுகோல் எளிது. சாலை போகிற வரைக்கும் கார். சாலை முடிந்து தண்ணீர் தொடங்கும் இடத்தில் மட்டும் கப்பல். சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் அதிகம் யோசிக்கும் மூன்று தீவு நாடுகளை இதை வைத்தே அளந்து பார்க்கலாம்.

இலங்கை: ஒரு வார லீவு உள்ளவர்களுக்கு

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் நேரடி விமானம் உண்டு. வடக்கில் இறங்கி, தெற்கே ஓட்டிக்கொண்டே போய், கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் ஏறித் திரும்புவதுதான் இங்கே நல்ல பாதை. போன வழியிலேயே திரும்பும் 400 கி.மீ. மிச்சம்.

கடல் வழிக்கு இரண்டு வாய்ப்புகள். முதலாவது, சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல். கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வழியாக இலங்கைப் பயணமும் ஆரம்பமானது. இது சீசனுக்கு மட்டும் வரும் கப்பல் என்பதால் அந்த வருடத் தேதிகளைப் பார்த்த பிறகுதான் லீவு போட வேண்டும். இரண்டாவது, நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய சேவை இது. சுமார் 110 கி.மீ. தூரத்தை நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. இதில் கார் ஏற்ற முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும். அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதை நம்பித் திரும்பும் தேதியை முடிவு செய்யாதீர்கள்.

சொகுசுக் கப்பலில் போனால் இலங்கையைப் பார்த்ததாகுமா என்றால், ஆகாது. அம்பாந்தோட்டையில் ஒரு பகல் நின்றால், அங்கிருந்து எல்ல மலைக்குப் போக மட்டும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். வர அதே நேரம். கப்பல் கிளம்புவதற்கு முன்பே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். மலைப்பாதையில் ஒரு லாரி மக்கர் செய்தால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. கப்பலே அனுபவம், ஊர் இரண்டாம்பட்சம் என்று நினைக்கிறவர்களுக்கு அது நல்ல ஓய்வு. ஊர் சுற்ற வேண்டுமென்றால் கார்தான்.

அளவுகோலுக்கு அச்சாகப் பொருந்தும் இடம் இலங்கையில் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து மேற்கே, கடலுக்கு நடுவே போட்ட தாம்போதி வழியாக வேலணை, புங்குடுதீவு என்று கார் போய்க்கொண்டே இருக்கும். இருபக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், வலை கட்டிய கம்புகள், கொக்குகள். குறிகட்டுவான் இறங்குதுறையில் சாலை சட்டென்று முடிகிறது. அங்கிருந்து படகில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குக் கால் மணி நேரம். நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணி நேரம். பவளக்கல் அடுக்கிய வேலிகளும், கட்டுப்பாடில்லாமல் திரியும் கட்டாக்காலிக் குதிரைகளும், பெருக்க (பாவோபாப்) மரமும் உள்ள தீவு அது. நெடுந்தீவுப் படகு ஒரு நாளைக்குச் சில முறைதான். காலையில் முதல் படகைப் பிடித்து, இறங்கியவுடனே திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, சில்லறை மூன்றும் கையில் இருக்கட்டும்.

இலங்கையில் காரை நீங்களே ஓட்டுவதைவிடச் சாரதியோடு எடுப்பதே நல்லது. இந்திய உரிமமும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருந்தாலும் அங்கே தனியாக ஒரு உள்ளூர் அனுமதி வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தச் சாலைகளில் தூரத்தை வைத்து நேரம் கணக்குப் போட முடியாது. கொழும்பு – கண்டி 115 கி.மீ.தான், ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். கிலோமீட்டரைப் பார்க்காமல், மணிக்கு 35 கி.மீ. என்று வைத்துத் திட்டமிடுங்கள். பேரம் பேசும்போதே சாரதியின் தங்குமிடம், சாப்பாடு, எக்ஸ்பிரஸ்வே கட்டணம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாள் தகராறு எல்லாம் இந்த நான்கில்தான் வரும். யாழ்ப்பாணம், திருகோணமலை, நுவரெலியா மூன்றிலும் தமிழிலேயே காரியம் நடக்கும். அறுபது தாண்டிய தம்பதிகளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பருவத்தைக் கவனிக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை தென்கரையிலுள்ள காலி, மிரிஸ்ஸ ஊர்கள் பக்கம் அடிக்கும். அப்போது திருகோணமலை தெளிவாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை தலைகீழ். திமிங்கிலம் பார்க்கும் படகுகளும் இதே கணக்கில்தான்: நவம்பர் – ஏப்ரல் மிரிஸ்ஸ, கோடையில் திருகோணமலை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையகத்துச் சாலைகளையும் ரயில் பாதையையும் மோசமாகச் சேதப்படுத்தியது. கண்டி – எல்ல ரயிலை மையமாக வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் பாதை முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு அறை பதிவு செய்யுங்கள்.

நியூசிலாந்து: இரண்டு வாரமும், கொஞ்சம் பெரிய பட்ஜெட்டும்

காரும் கப்பலும் ஒன்றுக்கொன்று இவ்வளவு பொருந்தும் நாடு வேறில்லை என்பது எங்கள் கருத்து. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட தமிழ்நாட்டு உரிமம் சுற்றுலாப் பயணிக்குப் போதும். இருந்தாலும் சர்வதேச அனுமதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து, ஆர்.டி.ஓ.வில் 1,000 ரூபாய் கட்டினால் கிடைக்கும், ஒரு வருடம் செல்லும். சில வாடகை கவுன்ட்டர்களில் அதையும் சேர்த்துக் கேட்பார்கள்.

பெரிய கப்பலா, சின்னக் கப்பலா என்பதே இங்கே உண்மையான கேள்வி. சிட்னி – ஆக்லாந்து இடையே ஓடும் பெரிய கப்பல்கள் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை உண்டு. அவை தென்தீவின் தென்மேற்கில், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஃபியோர்ட்லாந்து கடற்கழிகளுக்குள் சில மணி நேரம் நுழைந்து வெளியேறும், யாரையும் இறக்காது. கடல் மோசமாக இருந்தால் அந்தப் பகுதியையே விட்டுவிட்டுப் போகவும் கேப்டனுக்கு உரிமை உண்டு, அதற்காகக் கட்டணம் திரும்ப வராது. டாஸ்மன் கடலில் இரண்டு நாள் ஆட்டம் வேறு. ஆஸ்திரேலியாவில் ஏறுவதானால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டு விசாவும் வேண்டும். ஒரு விசா செலவும் ஒரு கவலையும் கூடுதல்.

சின்னக் கப்பல் பக்கம் அந்தக் கடற்கழிகளில் இரண்டின் பெயர்கள் அடிபடும்: மில்ஃபோர்ட் சவுண்ட், டவுட்ஃபுல் சவுண்ட். மில்ஃபோர்டுக்குச் சாலை போகிறது. டே அனாவ் ஊரிலிருந்து சுமார் 120 கி.மீ., நிற்காமல் போனால் இரண்டு மணி நேரம். ஆனால் நிற்காமல் யாராலும் போக முடியாது. கடைசிப் பகுதியில் 1954-இல் திறந்த ஹோமர் சுரங்கம், பாறையைக் குடைந்த 1.2 கி.மீ. சரிவு. குவீன்ஸ்டவுனிலிருந்தே ஒரே நாளில் போய்வரலாம் என்று விளம்பரங்கள் சொல்லும். ஒரு வழிக்கே நான்கு மணி நேரம். எட்டு மணி நேர ஓட்டமும் இரண்டு மணி நேரப் படகும் சேர்ந்தால் மலை பார்த்த நினைவே இருக்காது. டே அனாவில் இரண்டு இரவு தங்குங்கள். கிளம்பும் முன் அங்கேயே டேங்க்கை நிரப்புங்கள். வழியில் போன் சிக்னல் அநேகமாகக் கிடையாது. மேப்பை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

மில்ஃபோர்டில் மழை பெய்கிறதே என்று டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அங்கே 6,000 மி.மீ.க்கும் மேல். வெயில் நாளில் இரண்டு நிரந்தர அருவிகள்தான் இருக்கும். மழை நாளில் பாறைச் சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் வெள்ளிக் கோடுகள் இறங்கும்.

டவுட்ஃபுல் அப்படியில்லை. அதுதான் சாலை முடிகிற இடம். மனபூரி ஊரில் காரை நிறுத்திவிட்டு, ஏரியை ஒரு படகில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கடக்க வேண்டும். மறுகரையில் பஸ் காத்திருக்கும். வில்மட் கணவாய் வழியாகப் போகும் அந்த 22 கி.மீ. சாலை 1960-களில் நீர்மின் நிலையத்துக்காகப் போட்டது. நாட்டின் வேறெந்தச் சாலையோடும் அது சேரவில்லை. அந்தச் சாலை இறங்கி முடியும் இடத்தில்தான் கப்பல். ஒரு நாள் மதியம் ஏறி, இரவு கடற்கழிக்குள்ளேயே நங்கூரமிட்டுத் தங்கி, மறுநாள் மதியத்துக்குள் மனபூரி திரும்பலாம். மாலையிலோ விடியலிலோ ஒரு கிளைக் கழிக்குள் கொண்டுபோய் எஞ்சினையும் ஜெனரேட்டரையும் அணைத்துவிடுவார்கள். எல்லாரும் மேல்தளத்தில் பேசாமல் நிற்பார்கள். அருவி விழும் சத்தமும், எங்கோ ஒரு பறவையும், மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவதும் தனித்தனியாகக் கேட்கும். பெரிய கப்பலில் ஏழு இரவு தங்கினாலும் இது கிடைக்காது. பணம் ஒரு இரவுக் கப்பலுக்குத்தான் இருக்கிறதென்றால், கண்ணை மூடிக்கொண்டு இதற்குக் கொடுங்கள்.

சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டும், கப்பலேறிச் சொன்னால் அங்கே கடை இல்லை. கரையோரத்தில் சேண்ட்ஃப்ளை என்னும் சின்னக் கடிப்பூச்சி கூட்டமாக வரும். முழுக்கைச் சட்டை, சாக்ஸ், பூச்சி மருந்து மூன்றும் தேவை. குமட்டலுக்கு அவோமின் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாத்திரை தூக்கம் வரவைக்கும். கப்பலிலிருந்து இறங்கி ஸ்டியரிங் பிடிக்கப் போகிறவர் அதைப் போடக் கூடாது. கழிக்குள் தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கும், கழி கடலோடு சேரும் வாய்க்கருகே மட்டும் ஆடும். பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே தேவைப்படாது. யார் ஓட்டுவது, யார் மாத்திரை போடுவது என்பதை முந்தின நாளே பேசிக்கொள்ளுங்கள்.

தென்தீவுக்கு 13 இரவுகள் இப்படிப் பிரித்தால் அவசரமில்லாமல் இருக்கும்: கிரைஸ்ட்சர்ச் 1, டெகாப்போ 1, மவுண்ட் குக் 2, வானகா 1, டே அனாவ் 2, டவுட்ஃபுல் கப்பலில் 1, குவீன்ஸ்டவுன் 2, ஃபிரான்ஸ் ஜோசஃப் 2, மறுபடி கிரைஸ்ட்சர்ச் 1. முதல் நாள் இரவு முழுக்க விமானத்தில் வந்திருப்பீர்கள். கோடையில் அங்கே நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால் கடிகாரம் ஓடும். அன்றைக்கே காரை எடுத்து 230 கி.மீ. டெகாப்போ ஓடுவது ஆபத்து. அன்றிரவு கிரைஸ்ட்சர்ச்சிலேயே தூங்குங்கள். வடதீவையும் சேர்க்க வேண்டுமென்றால் வெலிங்டன் – பிக்டன் கார் ஃபெரி மூன்றரை மணி நேரம். ஆனால் 13 இரவில் இரண்டு தீவும் வேண்டாம்.

வண்டி விஷயத்தில், கேம்பர்வேன் அழகாகத் தெரியும். இருவருக்கு, முதல் முறை போகிறவர்களுக்கு, சாதாரண ஆட்டோமேட்டிக் காரும் சமையலறை வைத்த மோட்டல் அறையும் போதும். உயரமான வேன் மலைக்காற்றில் தள்ளாடும். கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கவும் முடியாது. கழிப்பறை வசதிச் சான்று பெற்ற வண்டிக்கு மட்டும், அனுமதித்த இடங்களில் மட்டும்தான் சாத்தியம். டீசல் வண்டி என்றால் கிலோமீட்டருக்கு ஒரு சாலைக் கட்டணம் தனியாக வரும். வாடகை குறைவு என்று எடுத்தவர்கள் கடைசி பில்லில் இதைப் பார்த்து அதிர்கிறார்கள்.

அங்கே ஓட்டும்போது நம்மவர்கள் தடுமாறுவது ஒற்றைவழிப் பாலத்தில். பாலத்துக்கு முன் நீலப் பலகையில் உங்கள் பக்கத்துக்குப் பெரிய வெள்ளை அம்பு இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை. வட்டப் பலகையில் உங்கள் பக்கம் சின்னச் சிவப்பு அம்பு என்றால் நின்று, எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும். முந்திப் போய்ப் பாதியில் ஹார்ன் அடிக்கும் பழக்கம் அங்கே விபத்து. சாலை நடுவில் உங்கள் பக்கத்தில் தொடர்ச்சியான மஞ்சள் கோடு இருந்தால் முந்தக் கூடாது. பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுக்கிடத்தில் ஒதுங்கி அவர்களை அனுப்பிவிடுங்கள். அதிகபட்ச வேகம் 100 என்று போட்டிருக்கும். வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் 35 என்று இருந்தால் 35தான். ஏற்காடு ஏறிய கை இதற்குப் பழகிவிடும்.

கையில் சாப்பாட்டுப் பொருள் எதுவாக இருந்தாலும் நாட்டுக்குள் நுழையும் பயணி அறிவிப்புப் படிவத்தில் “உண்டு” என்று எழுதுங்கள். மறைத்தோ மறந்தோ கொண்டுபோனால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். கடையில் வாங்கிச் சீல் உடைக்காத சாம்பார்ப் பொடி, முறுக்கு போன்றவற்றைச் சொல்லிக் காட்டினால் பெரும்பாலும் விடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், தேன், விதைகள் வேண்டவே வேண்டாம். மலையேறும் ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணையும் பார்ப்பார்கள். கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

பருவத்தில் பிப்ரவரி, மார்ச் முதலிடம். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் அந்த ஊர் விடுமுறை, அறை விலை ஏறும். நம் மே மாத லீவு அங்கே குளிர் தொடங்கும் காலம். மே முதல் நவம்பர் வரை மில்ஃபோர்ட் சாலையில் டயர் சங்கிலி கையோடு இருக்க வேண்டிய நாட்கள் வரும். பனியில் ஓட்டிப் பழகாதவர்கள் அந்த மாதங்களில் அந்த ஒரு சாலைக்கு மட்டும் டூர் பஸ்ஸில் போய்விடுவது உத்தமம்.

ஐஸ்லாந்து: யாருக்குச் சரி, யாருக்கு வேண்டாம்

நாட்டைச் சுற்றும் 1-ஆம் எண் சாலை சுமார் 1,320 கி.மீ. பத்து நாளில் நிதானமாக முடியும். ஆனால் அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். சென்னையில் முப்பது வருடம் ஓட்டிய கை களைப்பில் தானாக இடப்பக்கம் போகும். பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. இருவரும் ஓட்டத் தெரிந்தவர்களாக இருந்து, ஒருவர் ஓட்டும்போது மற்றவர் ஒவ்வொரு திருப்பத்திலும் “வலது” என்று சொல்லிக்கொண்டிருந்தால் சமாளிக்கலாம். ஒருவர் மட்டுமே ஓட்டும் தம்பதிக்கு நாங்கள் இதைச் சொல்ல மாட்டோம்.

கப்பலில் ஐஸ்லாந்தைச் சுற்றுவதும் பாதிப் பயன்தான். அருவிகளும் பனியாறுகளும் வரிசையாக நிற்கும் தென்கரை கருமணல் கரை. பெரிய கப்பல் அணைய இடம் மிகக் குறைவு. அங்கேயும் சாலை முடியும் இடத்தைத் தேடுங்கள்: தென்கரையிலிருந்து ஹேமாயே தீவுக்குக் கார் ஃபெரி, சுமார் 40 நிமிடம். 1973-இல் எரிமலை வெடித்தபோது, துறைமுகத்தை மூட வந்த குழம்பின் மீது கடல் தண்ணீரைப் பாய்ச்சி நிறுத்திய ஊர் அது. அலை அதிகமானால் ஃபெரி வேறு துறைமுகத்திலிருந்து கிளம்பும். அதற்கான நேரத்தை ஒதுக்கி வையுங்கள்.

காற்றுக்குப் பயப்பட வேண்டும். கார்க் கதவைக் காற்று பிடித்துப் பின்பக்கம் மடக்கிவிட்டால் வழக்கமான காப்பீடு அதை ஏற்காது. வண்டியின் மூக்கைக் காற்று வரும் திசைக்கு நேராக நிறுத்தி, இரு கையாலும் கதவைப் பிடித்துத் திறங்கள். நாட்டின் உட்பகுதியில் ‘எஃப்’ (F) என்று எண் தொடங்கும் கரடுமுரடான மலைச் சாலைகளுக்கு நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம். ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினில் தண்ணீர் புகுந்தால் முழுச் செலவும் உங்களுடையது. விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன், கட்டணம் 90 யூரோ. கப்பல் கிரீன்லாந்துக்கோ ஃபேரோ தீவுகளுக்கோ போவதானால் சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. அந்த ஊர்ப் பெயரும் விசாவில் அச்சாகியிருக்க வேண்டும். விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டிய விஷயம் இது.

பணமும் பதிவு செய்யும் வரிசையும்

நியூசிலாந்து, ஐஸ்லாந்து இரண்டிலும் வாடகைக் கவுன்ட்டரில் முன்பணம் பிடித்துவைக்க, ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள். கணவர் பெயரில் கார்டு, மனைவி பெயரில் கார் பதிவு என்றால் சாவி கிடைக்காது. நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியிருக்கும். கிளம்பும் முன் பேங்க் ஆப்பில் திறந்து, வரம்பையும் கூட்டுங்கள். ஃபாரெக்ஸ் கார்டை முன்பணத்துக்குக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம், கைச்செலவு முடங்கும். சென்னை டிராவல்ஸில் பேக்கேஜாக எடுத்தால் டி.சி.எஸ். என்னும் வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவரின் பான் எண்ணில் கட்டினால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

நியூசிலாந்து என்று முடிவானால், முதலில் டவுட்ஃபுல் இரவுக் கப்பலின் தேதியைப் பாருங்கள். அறைகள் குறைவு, இருவர் அறை முதலில் தீரும். ரத்து செய்ய இடமுள்ள கட்டணத்தில் அதைப் பிடித்து, அதற்கு முந்தைய இரண்டு இரவுக்கு டே அனாவ் அறையைக் கோத்து, பிறகு விசாவுக்கு விண்ணப்பியுங்கள். விசா வந்த பிறகு விமானம். சிங்கப்பூர் வழியாகப் போனால் ஒரே டிக்கெட்டில் மாறிவிடலாம். ஆஸ்திரேலியா வழி மலிவாகத் தெரிந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே இறங்கி மாறவே தனி விசா வேண்டும். காரைக் கடைசியில் எடுங்கள், விமானம் இறங்கும் நாளுக்கு மறுநாள் காலையிலிருந்து.